புகையை வீணாக்காத மனிதர் – ஆல்ஃபிரட் பியூஹி



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தரச் சொன்னதும் நம் வகுப்பில் பலர் காந்தி, காமராஜர், பாரதியார் என்று முந்திக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது நம்மில் முக்கால்வாசிப் பேர் பெயர்கூடக் கேட்டிராத ஒருவரை. ஆனால் இன்ஜின் தெரிந்தவர்கள் மத்தியில், உலகம் முழுக்க அவர் புகழ் பெற்றவர். டர்போ சார்ஜருக்குத் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் அப்பா. அப்பா லாரி டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். போன வருஷம் அப்பா ஓட்டுகிற லாரி திடீரென்று இழுவை குறைந்துபோனது. சேலம் வழியாக பெங்களூர் போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, கறுப்புப் புகை தள்ளியது, டீசலும் கூடுதலாகக் குடித்தது. அப்பா வண்டியை ஒழுங்காக ஓட்டவில்லை என்று முதலாளி முடிவு கட்டி, கூடுதல் டீசலுக்கான பணத்தை இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

கடைசியில் காலாப்பட்டுக்குப் பக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. நானும் அன்று கூட இருந்தேன். அப்பா அந்த வார்ப்பிரும்பைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: ஆறு சிலிண்டருக்கு ஆறு வாய் இருக்கு, சரி. டர்போ பக்கம் ஒரே ஓட்டை வச்சா போதாதா? நடுவுல சுவர் வச்சு எதுக்கு ரெண்டா பிரிச்சிருக்கான்?

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டோமொபைல் படிக்கிற பையன் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்த இரண்டு ஓட்டைக்கு விடை தேடிப் போனபோதுதான் இந்த மனிதர் கிடைத்தார்.

ஆல்ஃபிரட் பியூஹி 1879 ஜூலை 11 அன்று ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் பிறந்தார். (ஆங்கில எழுத்தை அப்படியே படித்தால் ‘பூச்சி’ என்றுதான் வரும். வகுப்பில் நான் முதலில் அப்படிப் படித்து, ஒரு வாரம் எனக்கே அந்தப் பெயர் ஆனது தனிக்கதை!) அவருடைய அப்பா சூல்சர் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் உயர் பதவியில் இருந்தவர். ஆக, பியூஹி நம்மைப் போல முதல் தலைமுறைக்காரர் இல்லை. பிறந்ததிலிருந்தே இயந்திரச் சத்தத்தில் வளர்ந்தவர்.

1899-இல் சூரிக் நகரத்துக் கல்விக்கூடத்தில் இயந்திரவியல் சேர்ந்தார். அந்தக் கல்விக்கூடத்தின் அன்றைய பெயர் என்ன தெரியுமா? ஃபெடரல் பாலிடெக்னிக்! அது பட்டம் தரும் உயர்கல்வி நிலையம், நம்முடையது டிப்ளமோ என்பது உண்மைதான். இருந்தாலும் பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். அவர் சேர்ந்த காலத்தில் ஐன்ஸ்டைன் அங்கே கடைசி வருஷ மாணவர். 1903-இல் பியூஹி படிப்பை முடித்துவிட்டு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

அந்த நாட்களில் அவர் மனசைக் குடைந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். இன்ஜினில் எரிகிற எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றில் விடுவதா? அந்தப் புகையால் ஒரு டர்பைனைச் சுற்றவைத்து, அந்த டர்பைனால் ஒரு கம்ப்ரஸரை ஓட்டி, அந்தக் கம்ப்ரஸர் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால் என்ன? காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், அதே சைஸ் இன்ஜினில் சக்தியும் கூடும். இந்த யோசனைக்கு 1905 நவம்பரில் ஜெர்மன் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 26.

இதோடு வெற்றி வந்துவிட்டது என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். வரவில்லை. காகிதத்தில் சுற்றிய டர்பைன் இரும்பில் சுற்ற மறுத்தது. அந்தச் சூட்டைத் தாங்குகிற உலோகம் கிடைப்பதே கஷ்டம். அந்தக் காலத்துக் கம்ப்ரஸர்களின் திறனும் போதவில்லை. 1909-இல் அப்பா இருந்த சூல்சர் நிறுவனத்திலேயே ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்து சோதனை மேல் சோதனை செய்தார். 1915-இல் ஒரு மாதிரி இன்ஜின் ஓடியது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து விமான இன்ஜின் வலு இழக்கிறதல்லவா, அதை ஈடுகட்டுவதுதான் நோக்கம். ஆனால் காற்றழுத்தம் ஒரே சீராக நிற்கவில்லை. யாரும் பெரிதாக வரவேற்கவில்லை.

இதே காலத்தில் மற்ற நாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் ரத்தோ என்ற பொறியாளர் முதல் உலகப் போரின்போது விமான இன்ஜின்களுக்கு டர்போ பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் மாஸ் என்பவர் 1918-இல் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, 14,000 அடிக்கு மேலே, லிபர்ட்டி இன்ஜினை ஏற்றிச் சென்று சோதித்தார். யோசனை தன்னுடையதாக இருந்தும் மற்றவர்கள் பெயர் வாங்குவதைப் பியூஹி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நாமாக இருந்தால் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்போம். அவர் விடவில்லை.

1925-இல் இரண்டாவது பெரிய காப்புரிமை வந்தது. முதல் யோசனைக்கும் இதற்கும் இடையே சரியாக 20 வருஷம். இந்த முறை அவர் கை வைத்தது டர்பைனில் மட்டும் இல்லை. இன்ஜினுக்கும் டர்பைனுக்கும் நடுவில் இருக்கிற குழாயில். அதாவது நம்ம எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்!

தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பரீட்சைக்கும் உதவும். நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடிக்கிற தறுவாயில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. திறந்தவுடன் புகை அடித்துக்கொண்டு வரும். நான்குக்கும் ஒரே பொதுக்குழாய் என்றால் அந்த அடி டர்பைனுக்கு மட்டும் போகாது, ஒன்றாம் சிலிண்டருக்குள்ளேயும் திரும்பப் போகும். பழைய புகை உள்ளே தங்கிவிடும், புதுக் காற்றுக்கு இடம் குறையும்.

பியூஹி என்ன செய்தார்? ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களைச் சேர்த்துத் தனித்தனிக் குழாய் கொடுத்தார். நான்கு சிலிண்டரில் 1-உம் 4-உம் ஒரு குழாய், 2-உம் 3-உம் இன்னொரு குழாய். ஆறு சிலிண்டரில், 1-5-3-6-2-4 என்ற வரிசைப்படி, 1, 2, 3 ஒரு குழாய். 4, 5, 6 மற்றொன்று. குழாயும் குறுகலாக இருக்க வேண்டும், அப்போதுதான் அடியின் வேகம் கரையாமல் டர்பைன் வரை போய்ச் சேரும். இரண்டு அடிகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தாழும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருந்தால், புதுக் காற்று பழைய புகையைத் துடைத்து வெளியேற்றிவிடும். அப்பா கேட்ட இரண்டு ஓட்டைக்கும் நடுச்சுவருக்கும் இதுதான் விடை.

இதன் பலனை உலகம் கப்பலில்தான் முதலில் பார்த்தது. ‘ப்ரொய்சன்’, ‘ஹன்சஸ்டாட் டான்சிக்’ என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் பத்து சிலிண்டர் டீசல் இன்ஜின்களுக்குப் பியூஹியின் மேற்பார்வையில் டர்போ பொருத்தினார்கள். 1750 குதிரைசக்தி இன்ஜின் 2500 குதிரைசக்தி தந்தது. அதாவது 40 சதவீதத்துக்கும் மேலே கூடுதல்! 1926-இல் அவர் சூல்சரை விட்டு வெளியே வந்து, பிரவுன் பொவேரி முதலிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ‘பியூஹி சிண்டிகேட்’ தொடங்கினார். அதன்பிறகு உலகத்தின் பல இன்ஜின் கம்பெனிகள் அவர் முறையை வாங்கிக்கொண்டன. 1938-இல் சௌரர் என்ற ஸ்விஸ் கம்பெனி லாரி இன்ஜினுக்கே டர்போ கொண்டுவந்தது. நம் நாட்டில் வாரணாசியில் 1964 முதல் தயாரித்த டீசல் ரயில் இன்ஜின்களின் 2600 குதிரைசக்தியும் டர்போ போட்டு வந்த சக்திதான்.

1959 அக்டோபர் 27 அன்று பியூஹி காலமானார். மூன்று வருஷம் கழித்து, 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரோலே கார்கள் டர்போவுடன் கடைக்கு வந்தன. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் வழி ஒன்றே எல்லாவற்றுக்கும் சரி என்று நான் சொல்லமாட்டேன். நாம் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லா வாயும் ஒரே தடிக்குழாயில் சேருகிற வார்ப்பு மேனிஃபோல்டு விலை குறைவு, இடம் அடைக்காது, நாள் பட உழைக்கும். சின்ன கார்களுக்கு அதுவே போதும் என்று விடுகிறார்கள். சம நீளக் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்கிற வகையில் புகை சுலபமாக ஓடும். ரேஸ் கார்களுக்கு நல்லது, ஆனால் சூட்டில் விரிந்து சுருங்கி வெல்டிங்கில் விரிசல் விடும், இடமும் அதிகம் வேண்டும். பிரித்த மேனிஃபோல்டு குறைந்த வேகத்திலேயே டர்போவை எழுப்பிவிடும், ஆனால் வார்ப்பது சிரமம், டர்பைன் கூடும் இரண்டு வாய் உள்ளதாக இருக்க வேண்டும். பெரிய கப்பல் இன்ஜின்களில் காற்றழுத்தம் மிக உயர்ந்த பிறகு மறுபடி ஒரே பெரிய பொதுக்குழாய்க்கே போய்விட்டார்கள். எந்த வேலைக்கு எந்தக் குழாய் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் டெக்னீஷியனின் அறிவு.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி அப்பாவுக்குப் படம் போட்டுச் சொன்னேன். விரிசல் டர்பைனுக்கு முன்னால் இருந்ததால், சுற்றவேண்டிய புகை வழியிலேயே கசிந்துவிட்டது. டர்போ மெதுவாகச் சுற்றியது, காற்று குறைந்தது, டீசல் முழுசாக எரியாமல் கறுப்புப் புகையானது. ஆகவே தப்பு அப்பா காலில் இல்லை, இரும்பில். அப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் முதலாளியிடம் காட்டினார். பிடித்த பணம் திரும்ப வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வண்டி இழுக்கவில்லை என்றால் அப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் மேனிஃபோல்டைப் பார்க்கச் சொல்கிறாராம்.

எனக்குத் தெர்மல் பேப்பரில் ஒரு அரியர் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடலாமா என்று நினைத்ததும் உண்டு. ஒரு குழாயைச் சரியாகப் பிரிக்க 20 வருஷம் காத்திருந்த மனிதரைப் படித்த பிறகு, ஒரு பேப்பருக்காக ஓடுவது கேவலமாகப்பட்டது. வருகிற தேர்வில் எழுதிப் பாஸ் செய்வேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். தேடிப் போங்கள். விடையோடு வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.