நமுத்துப் போகாத சிப்ஸ்!

குட்டீஸ்... புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், பாறையைக் குடைந்து செய்த பழமையான சிவன் கோயில் இருக்கிறது. அதன் முன் மண்டபம், குதிரைகள் இழுக்கும் தேர் போலவே இருக்கும். அங்கே சுற்றுலா போகும்போது, உங்கள் பையில் என்ன இருக்கும்? கண்டிப்பாக ஒரு சிப்ஸ் பாக்கெட்!

வெயிலோ, மழையோ, பாக்கெட்டைப் பிரித்தால் மொறுமொறு. அதே சிப்ஸை மழை நாளில் தட்டில் கொட்டி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நமுத்துப் போய்விடும். எல்லாம் பாக்கெட் செய்யும் மாயம். அந்த மாயத்தைத் தொடங்கி வைத்தவர், லாரா ஸ்கடர் என்ற பெண்மணி.

உருளைக்கிழங்கு சிப்ஸ் அவருக்கு முன்பே உண்டு. ஜார்ஜ் கிரம் என்ற சமையல்காரர், குறை சொன்ன வாடிக்கையாளர் மீது கோபப்பட்டு, 1853ல் சிப்ஸைக் கண்டுபிடித்ததாக ஒரு கதை சொல்வர். ஆனால், 1817ல் இங்கிலாந்தில் வெளியான சமையல் புத்தகத்திலேயே, கிழங்கைச் சீவிப் பொரிக்கும் முறை இருக்கிறது. அதனால், கோபக் கதையை ரசிக்கலாம், நம்ப வேண்டாம்!

லாரா, 1881ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். முதலில் நர்ஸ் வேலை. திருமணத்துக்குப் பின் கலிபோர்னியா போனார். யூக்கையா என்ற ஊரில் வசித்தபோது சட்டம் படித்து, 1918ல் தேர்வில் தேறி, அந்த ஊரின் முதல் பெண் வக்கீல் ஆனார். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1920ல்தான் என்றால், பார்த்துக் கொள்ளுங்கள்!

பிறகு மான்டரே பார்க் என்ற ஊரில் குடியேறி, 1926ல் சிப்ஸ் தொழிலில் இறங்கினார். அப்போதெல்லாம் கடைகளில் பீப்பாயிலோ, கண்ணாடி ஜாடியிலோ சிப்ஸைக் கொட்டி வைத்து, அள்ளி அள்ளிக் கொடுப்பர். மேலே இருப்பது மொறுமொறு. அடியில் கிடப்பதோ நொறுங்கி, நமுத்து, எண்ணெய்ச் சிக்கு வாடையுடன் இருக்கும். கடைசியாக வாங்குபவர் பாடு திண்டாட்டம்!

லாரா யோசித்தார். தம்மிடம் வேலை பார்த்த பெண்களிடம் மெழுகுத் தாளைக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் இரவில் வீட்டில், துணி தேய்ப்பது போல இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினர். சூட்டில் மெழுகு இளகி, ஓரங்கள் ஒட்டிக்கொண்டன. பை தயார்! மறுநாள் சிப்ஸை நிரப்பி, வாயையும் சூடு வைத்து ஒட்டிவிட்டனர். ஈரக்காற்று உள்ளே நுழைய வழியில்லை. பையில் தேதியும் அச்சிட வைத்தார். பழைய சரக்கைத் தலையில் கட்ட முடியாதே!

இதற்கு நடுவே இன்னொரு சோதனை. சிப்ஸ் கொண்டு போக அவரிடம் இருந்தது ஒரே ஒரு வண்டி. பெண் என்பதால், அதற்கு இன்சூரன்ஸ் தர ஏஜன்ட்கள் மறுத்தனர். கடைசியில் ஒரு பெண் ஏஜன்ட் முன்வந்தார். பின்னாளில் கம்பெனி வளர்ந்து வண்டிகள் பெருகியபோது, அத்தனை இன்சூரன்சும் அந்தப் பெண்ணுக்கே!

விதவிதமான சுவைகள் பின்னால் வந்தவை. 1954ல் அயர்லாந்தில் ஜோ மர்பி என்பவரின் டேட்டோ நிறுவனம், சீஸ் - வெங்காயச் சுவையில் சிப்ஸ் விற்றது. நம் ஊரில் மசாலா, தக்காளி, புதினா என்று பட்டியல் நீள்கிறது. ஈரம் பட்டால் மசாலாத் தூள் பிசுபிசுத்துப் போகும். அதற்கும் மூடிய பாக்கெட்தான் காவல். இப்போது உள்ளே நைட்ரஜன் வாயுவையும் அடைக்கின்றனர். எண்ணெய் சிக்குப் பிடிக்காது; சிப்சும் நொறுங்காது. (பாக்கெட் பாதி காலியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்!)

வயதான காலத்தில் லாரா கம்பெனியை விற்க நினைத்தார். 90 லட்சம் டாலர் தருவதாக ஒருவர் வந்தார். ஆனால், ஊழியர்களின் வேலைக்கு உறுதி தரவில்லை. லாரா மறுத்துவிட்டார். வேலைக்கு உறுதி தந்தவர்களிடம், 1957ல், 60 லட்சம் டாலருக்கு விற்றார். இரண்டே ஆண்டுகளில், 1959ல் காலமானார். அதுவரை கம்பெனியைக் கவனித்துக்கொண்டவரும் அவர்தான்.