குருவியைச் சுட்ட பையன்… வேட்டைக்காரர்களுக்கு சலீம் அலி விட்டுப்போன பாடம்!

நாகூரிலிருந்து வடக்கே பைக்கில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் வாஞ்சூர் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் காரைக்கால், புதுச்சேரி அரசு. இன்னும் கொஞ்ச தூரம் போய் நண்டலாற்றைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். பெட்ரோல் எந்தப் பக்கம் விலை கம்மி, எந்த பாட்டிலை எந்தப் பக்கம் கொண்டுபோனா மாட்டுவோம்... இதெல்லாம் இந்த ஊர்ப் பசங்களுக்கு அத்துப்படி.

ஆனா, ஒரு எல்லை மட்டும் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் டெல்டா வயல்கள்ல கொக்கு, மடையான், கிளுவைன்னு பறவைகள் வந்து இறங்கும். அதுங்க பின்னாடியே வலை, கண்ணி, ஏர்கன் எல்லாம் வெளியே வரும். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு, இந்தப் பக்கம் இன்னொரு அரசு. எங்கே நின்னு, எதைச் சுட்டா தப்பு?

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கு. அவரும் ஏர்கன் பையனா ஆரம்பிச்சவர்தான். பேர், சலீம் அலி.

மஞ்சள் தொண்டை

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தார் சலீம் அலி. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயசில் அப்பா இறந்துட்டார். மூணு வயசில் அம்மாவும் போய்ட்டாங்க. வளர்த்தது தாய்மாமா அமிருதீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும்.

மாமா தேர்ந்த வேட்டைக்காரர். அன்றைக்கு வசதியான வீடுகளில் வேட்டை என்பது கௌரவமான பொழுதுபோக்கு. பையன் கையிலும் ஒரு ஏர்கன் வந்தது. சுமார் 10 வயசு இருக்கும்போது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தா, தொண்டையில் மஞ்சளா ஒரு தீற்றல். வழக்கமா பார்க்கிற சிட்டுக்குருவி இல்லை. இதைச் சாப்பிடலாமா, கூடாதா? குழப்பத்தோட மாமாகிட்ட கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவின்னு தெரியலை.

வேற வீடா இருந்தா குருவியைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாங்க. மாமா ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, பையனை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவெச்சார். அங்கே கௌரவச் செயலாளரா இருந்தவர் மில்லர்டு என்ற ஆங்கிலேயர். அவர் குருவியைப் பார்த்ததும் மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கண்டுபிடிச்சார். அதோடு விடாமல், பதப்படுத்தி வெச்சிருந்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சின்ன சீட்டு. என்ன பறவை, எங்கே கிடைத்தது, எந்தத் தேதி என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும்.

சுட்ட பிறகுதான் அது என்னன்னு கேட்டான் அந்தப் பையன். அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க, முதலில் தெரிஞ்சுக்கிறதையே தொழிலா ஆக்கிக்கிட்டார்.

காலில் கட்டிய சீட்டு

படிப்பு அவருக்குச் சுலபமா அமையலை. 1914-ல் குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மாவுக்குப் போனார். சுரங்கத்தைவிட காட்டுப் பறவைகள் பக்கம்தான் கண் போச்சு. தொழில் நொடிச்சது. 1918-ல் தெஹ்மினாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை, பிறகு ஜெர்மனியில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பயிற்சி. 1930-ல் திரும்பி வந்தா, பார்த்த வேலையும் இல்லை. கிஹிம் கடற்கரை வீட்டில் இருந்துகொண்டு தூக்கணாங்குருவிகளைக் கவனிச்சு எழுத ஆரம்பிச்சார்.

அப்புறம் ஒரு யோசனை. சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் கொடுங்க, உங்க ராஜ்ஜியத்துப் பறவைகளை எல்லாம் கணக்கெடுத்துத் தர்றேன் என்று சமஸ்தானங்களுக்குச் சொன்னார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், கட்ச்னு வரிசையா வேலை வந்தது. தெஹ்மினாவும் கூடவே முகாம்களுக்குப் போனாங்க. 1939-ல் அவங்க இறந்தப்போ மனுஷர் உடைஞ்சே போனார். ஆனாலும் வேலையை விடலை.

அந்தக் கால வரைபடத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பிரிட்டிஷ் இந்தியாவில் 1912-ம் வருஷத்துப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. குறிப்பிட்ட பறவைகளைக் குறிப்பிட்ட மாதங்களில் சுடக் கூடாது. சமஸ்தானங்களுக்குத் தனித்தனி விதி, தனித்தனி அனுமதி. நம்ம காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஒரு ஓடையைத் தாண்டினா அனுமதி கொடுக்கிற ஆளே மாறிடுவார். எல்லை தெரியாம துப்பாக்கியோட நடக்கிறது, திருட்டு வேட்டையிலதான் போய் முடியும்.

சலீம் அலி அந்தந்த சமஸ்தானத்தின் ஆதரவோடுதான் காட்டுக்குள் போனார். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டார். இதை அவர் ஒருநாளும் மறைச்சதில்லை. இதுக்காக அவரை விமர்சிக்கிறவங்களும் உண்டு. கேமராவும் பைனாகுலரும் இன்றைக்கு இருக்கிற மாதிரி அன்றைக்கு இல்லை. கையில் எடுத்துப் பார்த்தாத்தான் பல பறவைகளைப் பிரிச்சு அடையாளம் சொல்ல முடியும். சுட்ட பறவையைப் பக்குவமா உரிச்சு, பஞ்சு அடைச்சு, காலில் சீட்டு கட்டணும். இடம், தேதி, ஆணா பெண்ணா... எல்லாம் அதில் ஏறணும். சீட்டில்லாத பறவையால ஆராய்ச்சிக்குப் பிரயோஜனம் இல்லை. ஒரு உயிர் வீணாப் போனதுதான் மிச்சம்.

அமெரிக்காவில் இப்பவும் மான் வேட்டைக்குப் போறவங்க காசு கட்டி ஒரு சீட்டு வாங்கணும். பல மாநிலங்களில் அது ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான் செல்லும். சுட்ட விலங்கோட உடம்பில் அந்தச் சீட்டைக் கட்டணும். எல்லைக் கோட்டுக்கு ஒரு அடி அந்தப் பக்கம் சுட்டாலும் குற்றம். எனக்குத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிஞ்சுக்க வேண்டியது வேட்டைக்காரரோட பொறுப்பு.

ஒரே நாளில் 4,273

பொறுப்பில்லாத வேட்டை எப்படி இருக்கும்? ராஜஸ்தானின் பரத்பூருக்குப் போனா கல்வெட்டிலேயே பார்க்கலாம். 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தப்போ ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினாங்க. அனுமதி, விருந்து, மரியாதை எதுக்கும் குறைவில்லை. எண்ணிக்கைக்கு மட்டும் எல்லையே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நீர்நிலையை விவசாய நிலமா மாத்தணும்னு கோரிக்கை வந்தப்போ, அதைக் காப்பாத்த முன்னால் நின்றவர் சலீம் அலி. இன்றைக்கு அது தேசியப் பூங்கா. 1983-ல் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயமானதுக்கும் அவரோட திருவிதாங்கூர் கணக்கெடுப்புதான் ஆரம்பப்புள்ளி. 1941-ல் வந்த அவரோட இந்தியப் பறவைகள் புத்தகம், துப்பாக்கி இல்லாமலேயே பறவைகளை அடையாளம் காண ஒரு தலைமுறைக்குக் கத்துக்கொடுத்தது.

நம்ம கடற்கரைக்கும் வந்தார்

1959 முதல் கழகத்தின் வலசைப் பறவை ஆராய்ச்சியை சலீம் அலி நடத்தினார். பறவையை வலையில் உயிரோட பிடிச்சு, காலில் எண் பொறிச்ச சின்ன உலோக வளையம் மாட்டிப் பறக்க விடணும். காரைக்காலுக்குத் தெற்கே இருக்கிற கோடியக்கரையிலும் இந்த வேலை நடந்தது. 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஆனது.

சின்ன வயசில் செத்த பறவையின் காலில் சீட்டைப் பார்த்தவர், இப்போ உயிருள்ள பறவையின் காலில் வளையம் மாட்டினார். அந்த வளையத்தில் எண்ணோடு, மும்பை கழகத்துக்குத் தகவல் சொல்லுங்கன்னும் பொறிச்சிருக்கும். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு வேட்டைக்காரர் சுட்ட வாத்தின் காலில் வளையம் இருந்து, அவர் பொறுப்பா எண்ணை எழுதி அனுப்பினாத்தான் அந்தப் பறவை எங்கிருந்து எங்கே போனதுன்னு தெரியும். அனுப்பாம விட்டா, அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணமும் கணக்கில் வராமலே போயிடும்.

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. 1987-ல், 90 வயசில் சலீம் அலி மறைந்தார்.

இப்போ எல்லை எங்கே?

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தப்போகூட, சின்ன வேட்டை, பெரிய வேட்டைன்னு லைசென்ஸ் வாங்க வழி இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடிடுச்சு. இன்றைக்குப் பொழுதுபோக்குக்காகப் பறவை சுட புதுச்சேரி அரசும் லைசென்ஸ் தராது, தமிழ்நாடு அரசும் தராது. சட்டத்தை மீறி வேட்டையாடின பறவை அரசாங்கச் சொத்து. சுட்டவர் மட்டும் இல்லை, அனுமதியில்லாம அதை வாங்கி வெச்சிருக்கிறவரும் மாட்டுவார். மூணு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. அட்டவணை ஒன்றில் இருக்கிற உயிரினம்னா தண்டனை இன்னும் கடுமை.

அதனால, வாஞ்சூருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமாங்கிற கேள்விக்கு இப்போ வேலையே இல்லை. வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்தான். ஏர்கன் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிற தம்பியிடமும், ரோட்டோரம் கொக்குக் கறி வாங்கலாம்னு வண்டியை நிறுத்துற நண்பரிடமும் இதைச் சொல்லுங்க. செத்துக் கிடக்கிற பறவையின் காலில் வளையத்தைப் பார்த்தா வெறும் கையால் தொடாம எண்ணை போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறிச்சு, மும்பை கழகத்துக்கோ வனத்துறைக்கோ அனுப்புங்க. அந்தக் காலத்துல ஒரு குருவியை எடுத்துக்கிட்டு, கடிதத்தோட மும்பைத் தெருவில் நடந்தான் ஒரு பையன். உங்களுக்கு அந்த அலைச்சல்கூட இல்லை, கையில் போன் இருக்கு.