சேலத்துத் திரைத்தொழில் முன்னோடி டி. ஆர். சுந்தரம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயர் தாங்கிய தோரணவாயில் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் அதன் உட்புறம் ஒரு திரைப்படத் தொழிற்சாலையே இயங்கியது. அதை நிறுவியவர் டி. ஆர். சுந்தரம்.

1907ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில், ஜவுளித் தொழிலில் செழித்த குடும்பத்தில் அவர் பிறந்தார். நெசவுத் தொழில்நுட்பம் பயில இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்றார். திரும்பியவரை ஈர்த்தது தறியன்று, திரைப்படம். சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்கேற்றுத் தொழில் கற்றார். அந்நாளில் தமிழ்ப்படம் எடுப்போர் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ குழுவோடு பயணப்பட வேண்டும். பயணம், தங்குமிடம், கூடத்து வாடகை எனப் பெரும்பொருள் கரைந்தது. ஆகவே, எல்லாவற்றையும் சொந்த ஊரிலேயே அமைத்துவிடத் துணிந்து, 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதற்படமான 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது.

படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம் எனப் பலவும் ஒரே வளாகத்தில் அமைந்தன. கலைஞர்கள் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். கதை முடிவான பின்னரே படப்பிடிப்பு; குறித்த நேரம், குறித்த செலவு. ஒரு படம் முடியுமுன் அடுத்த படத்திற்கான வேலை தொடங்கிவிடும். நூலிலிருந்து துணிவரை ஒவ்வொரு கட்டத்தையும் கணக்கிடும் நெசவாலை ஒழுங்கே இங்கும் நிலவியது எனலாம். அவருடைய கண்டிப்பைக் கண்டு அஞ்சியோர் பலர். ஆயினும் உரிய சம்பளம் உரிய நாளில் கிடைக்கும் இடம் என்ற நற்பெயரும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது.

புதியதைச் சந்தைக்குக் கொண்டுவருவதில் அவருக்குத் தயக்கமில்லை. மலையாளத்தில் பேசும் படமே இல்லாதபோது, சேலத்திலிருந்து 'பாலன்' படத்தை 1938இல் வெளியிட்டார். அம்மொழிக்குச் சொந்தமான படப்பிடிப்புக் கூடம் அப்போது கேரளத்தில் இல்லை. 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்தார். போர்க்காலத்தில் படச்சுருள் அரிதாகி, ஒரு படம் 11,000 அடிக்குள் முடியவேண்டும் என அரசு வரம்பிட்டது. திட்டமிட்டு எடுப்பவருக்கு அது தாங்கக்கூடிய இடர்.

அவருக்கு நேர்ந்த சோதனைகளில் ஒன்று 'மந்திரி குமாரி'. குண்டலகேசியைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய கதை. நம் நீலகேசி எந்தப் பௌத்தக் காப்பியத்துக்கு மறுமொழியாக எழுந்ததோ, அதே குண்டலகேசிதான். இயக்கிக்கொண்டிருந்த எல்லிஸ் ஆர். டங்கன் பாதியிலேயே தாய்நாடு திரும்ப, எஞ்சியதைச் சுந்தரமே இயக்கி முடித்து 1950இல் வெளியிட்டார். எம். ஜி. ஆர். நடித்த அப்படம் பெருவெற்றி பெற்றது.

1952இல் பாரதிதாசன் எழுத்தில் 'வளையாபதி'யைத் தயாரித்தார். பெரும்பகுதி அழிந்து, சில பாடல்களே எஞ்சிய சமணப் பெருங்காப்பியம் ஒன்றின் பெயர், சேலத்துத் திரைக்கூடம் வழியாகச் சுவரொட்டிகளில் ஊரூராய்ச் சென்றது நமக்கு நினைவில் நிறுத்தத்தக்கது.

வண்ணப்படத்திற்குச் செலவு மிகுதி. பலரும் ஓரிரு காட்சிகளுக்கு மட்டும் வண்ணம் பூசி நிறைவடைந்தனர். சுந்தரமோ 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுவதையும் கேவாகலரில் எடுத்து 1956இல் வெளியிட்டார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே. 1961இல் வெளியான 'கண்டம் பெச்ச கோட்டு' மலையாளத்தின் முதல் வண்ணப்படமாயிற்று.

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவர் பொறுப்பையும் வகித்த அவர், 1963இல் தம் 56ஆம் வயதில் காலமானார். மகன் ராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார்.