ஹென்றி வெல்ஸ்

ஹென்றி வெல்ஸ் (டிசம்பர் 12, 1805 – டிசம்பர் 10, 1878) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில் முனைவர் ஆவார். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், வெல்ஸ் ஃபார்கோ ஆகிய நிறுவனங்களைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பினர், கட்டணம் பெற்றுப் பொருளைப் பொறுப்பேற்றுச் சேர்ப்பிக்கும் தொழிலின் முன்னோடிகளுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இளமை

வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள தெட்ஃபோர்டில் பிறந்த வெல்ஸ், இளமையில் தோல் பதனிடும் தொழில் பயின்றார். திக்குவாய்க் குறைபாடு உடைய இவர், பேச்சுக் குறை உள்ளவர்களுக்கான பயிற்சிப் பள்ளிகளையும் நடத்தினார்.

சரக்குத் தொழில்

வில்லியம் ஹார்ண்டன் 1839 இல் பாஸ்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே விரைவுப் பொதிச் சேவையைத் தொடங்கினார். ஆல்பனியில் அவருடைய முகவராக இருந்த வெல்ஸ், 1841 இல் ஜார்ஜ் பாமராயுடன் சேர்ந்து ஆல்பனி–பஃபலோ சேவையைத் தொடங்கினார். தொடர்வண்டிகளும் குதிரை வண்டிகளும் பிறருக்கு உரியவை. அவற்றில் தூதர்கள் பணத்தையும் பொதிகளையும் தம் பொறுப்பில் கொண்டு சென்றனர். நம்பிக்கையே இத்தொழிலின் முதலீடாக இருந்தது.

அஞ்சல் போட்டி

அக்காலத்தில் நியூயார்க்கிலிருந்து பஃபலோவிற்குக் கடிதம் அனுப்ப அரசு அஞ்சல்துறை 25 செண்ட் வாங்கியது. வெல்ஸ் 6 செண்டுக்கு அச்சேவையை அளித்தார். அரசு இதனைச் சட்டவிரோதம் எனக் கருதித் தடுக்க முயன்றது. மக்கள் வெல்ஸை ஆதரித்தனர். தனியார் போட்டியின் நெருக்கடியால் அமெரிக்கக் காங்கிரஸ் 1845 இல் அஞ்சல் கட்டணத்தை 300 மைல் வரை 5 செண்டாகவும் அதற்கு மேல் 10 செண்டாகவும் குறைத்தது.

இரு நிறுவனங்கள்

போட்டியிட்ட மூன்று நிறுவனங்கள் இணைந்து 1850 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் உருவானது. வெல்ஸ் அதன் தலைவரானார். தங்க வேட்டை நடந்த கலிபோர்னியாவிற்குச் சேவையை விரிவாக்க இயக்குநர்கள் இணங்காததால், வெல்ஸும் வில்லியம் ஃபார்கோவும் 1852 இல் வெல்ஸ் ஃபார்கோவைத் தொடங்கினர். 1855 இல் கலிபோர்னியாவில் ஏற்பட்ட வங்கி நெருக்கடியில் போட்டி நிறுவனமான ஆடம்ஸ் வீழ்ந்தது. வெல்ஸ் ஃபார்கோ சில நாட்கள் மூடப்பட்டு மீண்டும் திறந்தது. கடன்களைத் தீர்க்கும் வலிமையை மெய்ப்பித்ததால் அப்பகுதியில் முதலிடம் பெற்றது.

இறுதிக் காலம்

1868 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் தலைமையிலிருந்து விலகிய வெல்ஸ், அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் அரோராவில் மகளிர் கல்வி நிலையம் ஒன்றை நிறுவினார். பின்னர் வெல்ஸ் கல்லூரி என வளர்ந்த அது 2024 இல் மூடப்பட்டது. வெல்ஸ் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காலமானார். முதல் உலகப் போரின்போது, 1918 இல், இவ்விரு நிறுவனங்களின் பொதிச் சேவைகளும் பிறவற்றுடன் ஒன்றிணைக்கப்பட்டன. அதன்பின் இரு பெயர்களும் நிதித் துறையில் நிலைத்தன.