கடிகாரத்தை முன்வைத்து எழுதிய நாவலாசிரியர்

பகற்பொழுது முழுவதையும் அலுவலகத்துக்கு ஈந்துவிட்டு, எழுத நேரமில்லையே என்று ஏங்கும் அன்பர்கள் நம் காலனியிலும் உளர். அன்னோருக்காகவே ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரொல்லப்பின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகிறோம்.

1815-இல் லண்டனில் பிறந்த இவருடைய இளமை வறுமையிலும் அவமானத்திலும் கழிந்தது. தந்தையார் கடன்காரர்களுக்கு அஞ்சி 1834-இல் பெல்ஜியம் சென்றார். அங்கே நோயுற்ற கணவரையும் மகனையும் பேணியவாறே, ஐம்பது வயதைக் கடந்த அன்னையார் வைகறை 4 மணிக்கே எழுந்து நூல்கள் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். டிரொல்லப்புக்கு வாய்த்த முதல் ஆசான் அவ்வம்மையாரே என்பது நம் துணிபு.

அவ்வாண்டே தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த டிரொல்லப், ஏழாண்டுகள் நேரந் தவறுபவர் என்றே பெயர் வாங்கினார். 1841-இல் அயர்லாந்துக்கு மாற்றலான பின்னரே அவருக்கு ஊக்கம் பிறந்தது. 1847-இல் வெளிவந்த முதல் நாவல் விலைபோகவில்லை. எனினும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை.

அவர் கைக்கொண்ட முறை வியப்புக்குரியது. காலை 5.30 மணிக்கு மேசை முன் அமர்வார். முதல் அரைமணி, முன்னாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பார். பின்னர்க் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். புதிய நாவல் தொடங்குமுன் நாட்குறிப்பு ஒன்றை வாரவாரமாக வகுத்து, அன்றன்று எழுதிய பக்கங்களைப் பதிவார். சோம்பிய நாள் அதில் வெறுமையாக நின்று அவரை இடித்துரைக்கும். வாரத்துக்குச் சராசரி 40 பக்கங்கள். பக்கத்துக்கு 250 சொற்கள். இவையெல்லாம் முடிந்த பின்னரே காலையுணவும் தபால் வேலையும்.

1858-இல், இந்தியத் தபாலை எகிப்து வழியே இரயிலில் அனுப்பும் உடன்படிக்கைக்காக அலெக்ஸாந்திரியா சென்றார். கப்பலில் வாந்தியெடுக்க எழுந்தோடுவதும், திரும்பிவந்து விட்ட இடத்தில் தொடர்வதுமாக இருந்தார். எகிப்தில் ‘டாக்டர் தோர்ன்’ முடிந்தது. மறுநாளே அடுத்த நாவல் தொடங்கிற்று!

1867-இல் உத்தியோகம் துறந்தார். 1882-இல் மறையும்வரை எழுதிய நாவல்கள் 47. மறுவருடம் வெளியான தன்வரலாற்றில் இம்முறையையும், எழுத்தால் ஈட்டிய ஏறத்தாழ 69,000 பவுனின் கணக்கையும் ஒளியாது கூறியிருந்தார். செருப்புத் தைப்பவர் போல் நாவல் தைத்தவர் என்று இலக்கியவாணர் முகஞ்சுளித்தனர். அவர் புகழும் நெடுங்காலம் மங்கிற்று. நாம் அதற்கு உடன்படோம். கதையின் முடிவை முன்னரே வகுக்காது, தம் மாந்தரோடு நாள்முழுதும் மனத்தளவில் வாழ்ந்தவர் அவர். கடிகாரம் அளந்தது பேனாவை மட்டுமே.

லண்டனை அடுத்த வால்தம் கிராஸ் என்னும் ஊரில் வாழ்ந்தபோது, வைகறையில் காப்பியுடன் வந்து தம்மை எழுப்புவதற்கென முதிய குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் அதிகம் அளித்தார். தம் வெற்றிக்கு எவரினும் அவருக்கே பெரிதும் கடன்பட்டிருப்பதாகத் தன்வரலாற்றில் எழுதிவைத்தார்.