மாநகரசபையின் மாண்பு காத்த மேத்தா

சபையிலே வசைமொழி புகுந்தால், வாய்க்காலும் வீதிவிளக்கும் மறக்கப்படும். உறுப்பினர் ஒருவரையொருவர் இழித்துரைப்பதிற் பொழுது கழிய, வரியிறுக்கும் குடிமகன் குடிநீருக்கு அலைவான். இந்நோய் இன்று தோன்றியதன்று. இதற்கு மருந்து கண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே பம்பாய் மாநகரசபையின் தந்தை எனப் போற்றப்பெறும் சேர் பெரோஸ்ஷா மேத்தா.

மேத்தா 1845ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் தேதி பம்பாயிலே பார்சி வணிகர் குடும்பமொன்றிற் பிறந்தார். எல்பின்ஸ்ரன் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டங் கற்று, 1868இல் பரிஸ்டராகித் தாயகம் மீண்டார்.

அக்காலத்திலே பம்பாய் நகரின் நிருவாகம் முழுவதும் ஆணையாளர் ஒருவர் கையில் இருந்தது. 1865இல் அப்பதவியேற்ற ஆதர் குறோபோட் என்பார் பேராற்றல் படைத்தவர். நகரின் சுகாதாரத்தைச் சீர்ப்படுத்தினார். பெருஞ் சந்தையொன்றைக் கட்டுவித்தார். இன்று மகாத்மா யோதிபா பூலே சந்தை என வழங்குவது அதுவே. ஆயினும், அவர் வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்தமையால் நகரக் கருவூலம் வறிதாயிற்று. அவரைக் கண்காணிக்க வேண்டிய சமாதான நீதவான்களோ அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர்கள். மக்களுக்கு விடைகூறும் கடப்பாடு அவர்களுக்கு இருக்கவில்லை.

1871இல் வரியிறுப்போர் கொதித்தெழுந்தனர். குறோபோட்டைத் தூற்றாத வாயில்லை. அந்த ஆரவாரத்தின் நடுவே 26 வயது இளைஞரான மேத்தா எழுந்து, யாரும் எதிர்பாராத கருத்தொன்றைக் கூறினார். ஆணையாளர் செய்த நற்பணிகளை மறத்தல் முறையன்று என்றார். அவர் செலவிற் செய்த பிழையையும் மறைத்தாரல்லர். குறைபாட்டின் வேர் நகராட்சியின் அமைப்பிலேயே உளது என்றும், வரியிறுப்போர் தெரிந்தெடுக்கும் மன்றம் வேண்டும் என்றும், அம்மன்றத்தின் மேற்பார்வையிற் பொறுப்புள்ள நிருவாகி ஒருவரே கருமமாற்ற வேண்டும் என்றும் விளக்கினார். அவையோர் சினந்தனர். கைதட்டலை வேண்டியிருப்பின் அவரும் ஏனையோரொடு சேர்ந்து தூற்றியிருக்கலாம். அவர் அது செய்திலர்.

காலம் அவர் பக்கமே நின்றது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் 64 உறுப்பினர் கொண்ட சபையை அமைத்து, அவருட் பாதிப்பேரைத் தெரியும் உரிமையை வரியிறுப்போர்க்கு அளித்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்குவதிலும் மேத்தாவின் பங்கு பெரிது. 1884, 1885, 1905 ஆகிய ஆண்டுகளில் அவர் சபைத் தலைவராக விளங்கினார். கணக்கேடுகளை நுணுகி ஆராய்ந்தபின்னரே பேசுவார். சான்றின்றி எவர்மீதும் பழி சுமத்தார். தம் கருத்தையே நிலைநாட்டும் வேட்கை அவரிடம் மிக்கிருந்தது என்பாரும் உளர். அதனையும் ஈண்டுக் குறித்தலே நேர்மையாகும்.

அவருக்குப் பெருஞ் சோதனை வந்தது 1907இல். உயர் உத்தியோகத்தர் சிலரும் ஆங்கிலப் பத்திரிகாசிரியர் ஒருவரும் ஒன்றுகூடி, அவரைச் சபையினின்றும் அகற்றச் சூழ்ச்சி செய்தனர். சமாதான நீதவான்கள் 16 பேரைத் தெரியும் தேர்தலில் அவர் 17ஆம் இடத்தையே பெற்றார். நகரமக்கள் பெருங்கூட்டங் கூடிக் கண்டித்தனர். வென்றவருள் ஒருவரின் தெரிவு செல்லாதெனத் தீர்க்கப்படவே, அவ்விடம் மேத்தாவுக்குக் கிடைத்தது. சூழ்ச்சி செய்தோர் விரும்பியது அவரை வீழ்த்துதல். விளைந்ததோ அவர் புகழ் முன்னிலும் ஓங்குதல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஈட்டிய நன்மதிப்பே அன்று அவருக்கு அரணாயிற்று.

1915ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் தேதி அவர் காலமானார். அவருடைய சிலை இன்றும் பம்பாய் மாநகரசபை மாளிகையின் முன் நிற்கின்றது. சபைக்குச் செல்வோர் அவரைக் கடந்தே செல்லவேண்டும்.

மாணவர்காள்! நம் கல்லூரியின் விவாத மன்றத்திற் பேசுவோர் பலர் நாளை ஊரவைகளில் அமர்தல் கூடும். மாற்றான் செய்த நன்மையை முதலிற் கூறுக. அவன் பிழையைச் சான்றோடு காட்டுக. அப்பிழை மீண்டும் நேராதிருக்க வழியொன்றும் சொல்லுக. மேத்தா 26 வயதிற் செய்தது இதுவே. இம்மூன்றும் கைவந்தோர் அமரும் சபை தானே மாண்புறும் என்பது எம் துணிபு.