தாய்மார் உண்டதைக் கேட்டறிந்த மருத்துவர் லூசி வில்ஸ்



ஏற்காட்டிலும் தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் கருவுற்ற பெண்களுக்குச் செவிலியர் கொடுக்கும் சத்து மாத்திரையை நாம் எல்லாரும் அறிவோம். அதில் இரும்புச்சத்தோடு சேர்ந்திருப்பது ஃபோலிக் அமிலம். இச்சத்து கண்டறியப்பட வழிதிறந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அந்தத் தேடலை அவர் நடத்தியது நம் நாட்டு ஏழைப் பெண்கள் நடுவே என்பதைப் பலர் அறியார்.

1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911இல் தேர்ச்சி பெற்றார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. 1948 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கியதே இல்லை. பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று 1920இல் மருத்துவரானார்.

1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் வெளிறி, மூச்சு வாங்கி, பேறுகாலத்தில் மாண்டார்கள். லூசி இரத்தத்தைச் சோதித்ததோடு நிற்கவில்லை. யார் என்ன உண்கிறார்கள் என்று கேட்டறிந்தார். மிகக் குறைந்த சத்துள்ள உணவை உண்ட ஏழை இஸ்லாமியப் பெண்களிடமே இந்நோய் அதிகம் இருந்தது. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நம் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931இல் சென்னையில் பணியாற்றினார். அந்த மருத்துவமனை இன்று அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணி மக்களுக்கு இன்னும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

அப்பெண்களின் உணவைப் போன்றதையே குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கும் சோகை வந்தது. மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் தேறின. தாய்மாரும் தேறினார்கள். சுத்திகரித்த ஈரல் சாறு பலிக்காத இடத்தில் இது பலித்ததால், இதில் வேறொரு சத்து இருக்கிறது என்று முடிவு செய்தார். ஈஸ்ட் சாறு தாய்மாரைத் தேற்றியதை 1931இல் வெளியிட்டார். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இலத்தீனில் ஃபோலியும் என்றால் இலை. நம் வீட்டு முருங்கைக்கீரையிலும் பயறிலும் இருப்பது அதுவே.

லூசி மணம் புரியவில்லை. 1964 ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார். தாம் தேடிய சத்து குழந்தையின் முதுகுத்தண்டையும் காக்கும் என்பது உறுதியானதை அவர் காணவில்லை. 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதை நிறுவியது. முதுகுத்தண்டோ மண்டையோ சரியாக மூடாத குழந்தையை முன்பு பெற்ற தாய்மார் கருத்தரிக்கும் முன்பே இச்சத்தை உண்டபோது, அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது.

இந்தக் 'கருத்தரிக்கும் முன்பே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கருவின் முதுகுத்தண்டு மூடுவது முதல் 28 நாள்களுக்குள். காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் நம் சகோதரி, நாள் தள்ளிப்போனதை உணர்ந்து செவிலியரைப் பார்க்கும்போது அந்த நாள்கள் கடந்துவிடுகின்றன. பிறகு உண்ணும் மாத்திரையும் வீணல்ல. தாயின் சோகையைத் தடுக்கும். இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் ஆபத்தையும் குறைக்கும். ஆனால் முதுகுத்தண்டுக்கு அது காலம் கடந்தது.

குறையோடு பிள்ளை பிறந்தால் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், தாய் செய்த பாவம் என்றும் பேசுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. இது கொடுமை. எல்லாக் குறைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. மாத்திரையை ஒழுங்காக உண்ட தாய்க்கும் சில வேளை அப்படிப் பிறப்பதுண்டு. அவளைக் குற்றவாளி ஆக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் நாம் எத்தனையோ பேசுகிறோம், இதையும் பேசலாம். கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கும்போதே மணமகள் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்ணத் தொடங்கலாம். வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும், இத்தகைய குழந்தையை முன்பு பெற்றவர்களுக்கும் அளவு வேறுபடும் என்பதால் அவர்கள் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும். கேட்டு வாங்கி வருவது மணமகனின் வேலையாகவும் இருக்கட்டும்.